'வெடித்துப் பரவுதல்' என்பதா, 'தெறித்துப் பரவுதல்' என்பதா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நான்காம் வகுப்புக்கான விதை பரவுதல் பாடக்குறிப்பில் ஒரு சொல் இடிக்கிறது. காசித்தும்பைக் காய் விதையை வீசுவதை 'வெடித்துப் பரவுதல்' என்கிறோம். தாவரவியலிலோ 'வெடிகனி' என்றால் முற்றியதும் பிளந்து திறக்கும் கனி, அவ்வளவுதான். பருத்திக்காய் வெடிக்கிறது, பஞ்சு அங்கேயே தொங்குகிறது. முற்றிய வெண்டை நீளவாக்கில் பிளக்கும். செடி ஆடினால்தான் விதை உதிரும். எருக்கங்காயும் வெடிக்கும், ஆனால் விதையைத் தூக்கிப்போவது அதன் நுனியிலுள்ள மயிர்க்கற்றையில் படும் காற்று. பிள்ளைகள் இவை எல்லாவற்றையும் காசித்தும்பையோடு ஒரே கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். சொல்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது.

திறப்பதற்கு 'வெடிப்பு', வீசுவதற்கு 'தெறிப்பு' என்று பிரிக்கலாமா? 'தெறிகனி', 'தெறித்துப் பரவுதல்'.

> 'சிதறல்' போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

போதாது என்பது என் எண்ணம். ஒளிச்சிதறல் என்று இயற்பியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, கை தவறிக் கொட்டிய அரிசியும் சிதறும். தெறிப்பதற்கு விசை வேண்டும். இழுத்த வில்நாணை விடுவதையும் தெறித்தல் என்பது பழைய வழக்கு. இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். காசித்தும்பைக் காயின் ஐந்து ஓடுகளும் நீரால் விறைத்து இழுபட்டு நிற்கின்றன. தொட்டதும் இணைப்பு விட்டு உட்புறமாகச் சுருள்கின்றன. உளுந்து நெற்றில் இதற்கு நேர்மாறு: இழைகள் உலர்ந்து சுருங்கி இரு பாதிகளையும் முறுக்குகின்றன. 'வெடி' என்றால் தீயும் புகையும்தான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் இல்லை.

> பட்டாசுக்காயை என்ன செய்வது? பெயரிலேயே வெடி இருக்கிறதே!

ஊர்ப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். வகுப்புக்கு அதைவிட நல்ல தெறிகனி கிடையாது. பழுப்பேறிய, உலர்ந்த காய் ஐந்தாறு எடுத்து நீருள்ள கிண்ணத்தில் போட்டால் சற்று நேரத்தில் தெறிக்கும். பச்சைக்காய் தெறிக்காது. மழைக்குப் பின் போனால் செடியில் வெறும் தோல்தான் மிஞ்சியிருக்கும். வியர்த்த கையில் பொத்திக் கொண்டுவந்தால் வழியிலேயே காலி. உலர்ந்த தீப்பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். குனிந்து பார்க்க விடவேண்டாம், கண்ணில் படும். விழுந்த விதையை நனைத்தால் வழவழப்பாகி ஒட்டிக்கொள்வதையும் காட்டலாம்.

காசித்தும்பையைக் காய் காயாகப் பறிக்காமல் கிளையோடு வெட்டி, நீரில் நிறுத்திக் கொண்டுவருவது நல்லது. தரையில் வெள்ளைத்தாள் விரித்து, விதை விழுந்த தொலைவை அளவுகோலால் அளக்கலாம்.

பாடக்குறிப்பில் இன்னொரு திருத்தமும் வேண்டும். 'பஞ்சுள்ள விதை' என்று பருத்தியையும் இலவத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். பருத்தியில் பஞ்சு விதைத்தோலில் முளைக்கிறது. இலவத்தில் காயின் உட்சுவரில்.

> சொல்லை ஏற்கிறேன். ஆனால் சிறுவர்களுக்கு 'தெறிகனி' வேண்டாம்.

சரி. நான்காம் வகுப்புக்குக் 'காய் தெறித்து விதை பரவுதல்' என்று வாக்கியமாகவே இருக்கட்டும். 'தெறிகனி' மேல்வகுப்பில், வெடிகனியின் உட்பிரிவாக வரட்டும். ஆமணக்கும் அந்த உட்பிரிவில்தான் சேரும். ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு; அதைப் படத்தில் மட்டும் காட்டுங்கள்.