நாவலிலிருந்து கல்வெட்டுக்கு, கல்வெட்டிலிருந்து வேறெங்கோ: அடுத்த புத்தகத்தைக் கண்டடைந்த அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை

அடுத்து எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நாம் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் நீட்டுகிறோம். விருது பெற்றவை, அதிகம் விற்றவை, கட்டாயம் படிக்க வேண்டிய நூறு என்று அவற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்து வாங்கியவை என் அலமாரியில் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. படித்து முடித்த ஒரு நூல் கைகாட்டி அழைத்துச் சென்ற நூல்களைத்தான் நான் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி நேர்ந்த வழிகளை, குறிப்பாகப் புனைவிலிருந்து அபுனைவுக்கோ அபுனைவிலிருந்து புனைவுக்கோ கடந்து சென்றவற்றை, இங்கே எழுதுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை எங்கள் ஊர்ப் பக்கத்தில் படிக்காதவர்கள் குறைவு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியை அந்த நாவல் திறந்தபடியே விட்டுவிடுகிறது. அந்தக் குறுகுறுப்பில் நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' நூலைத் தேடி எடுத்தேன். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராசராசன் காலத்துக் கல்வெட்டைப் பற்றி அதன் வழியே அறிந்தேன். நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் அங்கே கல்லில் இருக்கிறான். சோமன், பரமேசுவரன் என்று அவனோடு சேர்ந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கல்வெட்டின் நோக்கம் கொலையை விவரிப்பதன்று. துரோகிகளின் உறவினர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்வது பற்றியதே அதன் பொருள். நாவல் ஒரு மரணத்தில் நிறுத்தி வைத்த என் ஆர்வத்தை அது அப்படியே நிலத்தின் பக்கம் திருப்பிவிட்டது.

அதன் பிறகு, கல்வெட்டுகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர்கள் எ.சுப்பராயலு, நொபொரு கராஷிமா ஆகியோரின் ஆய்வுகளுக்கு வந்து சேர்ந்தேன். அல்லூர், ஈசானமங்கலம் என்னும் அண்டை ஊர்கள் இரண்டின் கல்வெட்டுகளை வைத்து, ஒன்றில் நிலம் ஊர்ப் பொதுவாகவும் மற்றொன்றில் தனியார் உடைமையாகவும் இருந்ததைக் கராஷிமா காட்டும் கட்டுரையைத் துப்பறியும் கதையைப் படிப்பது போலத்தான் படித்தேன். வந்தியத்தேவனின் குதிரையில் ஏறியவள் நில அளவைக் கணக்கில் வந்து இறங்கியதைப் பார்த்து என் மாணவிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்

ஆசிரியை அவர்கள் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்ந்தேன். அட்டையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை.

பி.எச்.டேனியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று இரா.முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். மேஸ்திரியின் ஆசை வார்த்தையையும் முன்பணத்தையும் நம்பி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கருப்பனும் வள்ளியும் கடனிலிருந்து மீள முடியாமல் சிக்கிக்கொள்ளும் கதை அது. வால்பாறைக்குப் பலமுறை சுற்றுலா போய் வந்தவன் நான். அதைப் படித்த பிறகு அந்தப் பச்சைச் சரிவுகளைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

அதே முருகவேள்தான் 'ஒரு பொருளாதார அடியாளின் ஒப்புதல் வாக்குமூலம்' என்ற அபுனைவு நூலையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று அறிந்து அதை வாங்கினேன். அடுத்து அவர் சொந்தமாக எழுதிய நாவல்களுக்குப் போனேன். 'முகிலினி' பவானி ஆற்றையும் அதன் கரையில் எழுந்த ஒரு செயற்கை இழை ஆலையையும் பற்றியது. 'மிளிர் கல்' கண்ணகி நடந்த வழியையும் காங்கேயம் பகுதியின் கற்களையும் இணைத்துப் பேசுவது. அது என்னைச் சிலப்பதிகாரத்துக்கு அனுப்பியது. பள்ளியில் மனப்பாடச் செய்யுளாகப் படித்து மறந்த ஒரு நூலுக்கு நடுத்தர வயதில் நானாகத் திரும்பிப் போவேன் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் முன்னுரை வழியாக 'என் சரித்திர'த்துக்கு வந்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன தன்வரலாறு அது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அவர் எழுதும் இடங்களை எந்த நாவலுக்கும் ஈடாக வைப்பேன்.

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பார்க்கும் பழக்கம் வேறோர் இடத்திலும் உதவியது. வங்க நாவலான 'பதேர் பாஞ்சாலி'யின் தமிழாக்கத்தில் ஆர்.சண்முகசுந்தரம் என்று கண்டேன். எங்கள் கொங்கு மண்ணை 'நாகம்மாள்' நாவலில் எழுதியவரே அவர். தம் ஊரை எழுதத் தெரிந்தவர் பிறர் ஊரையும் நன்றாகவே கொண்டுவருவார் என்று நம்பி எடுத்தேன், நம்பிக்கை வீண்போகவில்லை. அங்கிருந்து த.நா.குமாரசாமி மொழிபெயர்த்த 'ஆரோக்கிய நிகேதன'த்துக்கு ஒரே தாவல். நாடி பார்த்து மரண நாளைச் சொல்லும் ஒரு முதிய வைத்தியரின் கதை அது. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி

கோயம்புத்தூர் அண்ணன் தேயிலையை எடுத்ததால் எழுதுகிறேன். எங்கள் மலையகத்தைப் பற்றி நான் முதலில் வாசித்தது ஒரு தமிழ்நாட்டுக்காரர் எழுதிய கதையே: புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. வாசவன்பட்டி மருதி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து படும் பாட்டை அதில் வாசித்துவிட்டு, எங்கள் ஆட்களே இதை எழுதவில்லையா என்று தேடத் தொடங்கினேன். அப்படித்தான் தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள் கிடைத்தன. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், இருந்தே எழுதப்பட்ட வாழ்க்கை அது. இரக்கம் கேட்டு எழுதப்பட்டதன்று.

அதன் பின் சி.வி.வேலுப்பிள்ளை. 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான தொழிற்சங்கவாதி, கவிஞர் என்பதற்கு மேலாக, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தவர் என்பதால் அவர் எனக்கு முக்கியமானவர். அந்தத் தொகுப்பில் உள்ள சில பாடல்களை என் அம்மம்மா அப்படியே பாடுவார். ஓரிரு சொற்கள் மட்டுமே மாறியிருக்கும். இங்கே கடைகளில் கிடைக்காத பழைய நூல்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம். ஒரு நூலைத் தேடும்போது அதே ஆண்டில், அதே அச்சகத்தில் வந்த சிறு மலர்களும் நினைவு இதழ்களும் சேர்ந்து அகப்படுவதுண்டு. நான் அவற்றைத்தான் கூடுதலாக வாசிக்கிறேன்.

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நூலகர்

எல்லோரும் புத்தகத்துக்குள் இருக்கும் வழிகளைச் சொன்னீர்கள். அலமாரியில் இருக்கும் வழியை நான் சொல்கிறேன்.

பொது நூலகத்தில் நூலின் முதுகில் ஒட்டிய சீட்டை வாசகர்கள் எங்கள் வசதிக்கானது என்றே நினைக்கிறார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசம முறையில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்நாட்டு வரலாறு 954.82; பறவைகள் 598. நாவல் படிப்பவர் 894இலேயே வாழ்ந்து முடிந்துவிடுவதைப் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மூன்றாம் முறையாக எடுக்க வந்த ஓர் இளைஞரிடம், மெடானையும் பினாங்கையும் அவ்வளவு பிடித்திருந்தால் 915.9க்குப் போய்ப் பாருங்கள் தம்பி என்றேன். தென்கிழக்காசியப் பயண நூல்கள் அங்கேதான் இருக்கும். அந்த வரிசையின் வழியாக அவர் ஏ.கே.செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தார். ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர், காந்தியைப் பற்றி 1940இல் ஆவணப்படம் எடுத்தவர், தம்மைப் பற்றி மிகக் குறைவாகப் பேசிக்கொண்ட பயணி. அந்தப் படத்துக்காக அவர் அலைந்த அலைச்சலைச் சொல்லும் 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலைத் திருப்பிக் கொடுக்க வந்த அதே இளைஞர், இதை நாவல் அலமாரியில் அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று என்னோடு வாதாடினார்.

வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று புரட்ட வேண்டும் என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளின் விளக்கத்திலேயே வலியுறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாம் விதி.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் முன் மேசையில் குவித்து வைத்திருப்போம். அங்கே சமையல் குறிப்பின் மேல் ருஷ்ய நாவலும், அதன் மேல் நீரிழிவு பற்றிய நூலும் கிடக்கும். எந்த வகைப்பாடும் அதில் இல்லை. அந்த ஊர் அந்த வாரம் எதைப் படித்தது என்பது மட்டுமே இருக்கும். எடுத்துக் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஊதா மை முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால், யாரும் விளம்பரம் செய்யாமலே அந்த நூல் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சென்னையிலிருந்து ஒரு பழைய புத்தகப் பிரியர்

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. அடிக்குறிப்பைப் பிடித்துப் போனால் ஒரே கிணற்றில்தான் ஆழமாக இறங்குவோம். பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானால் தற்செயல் தேவை. எனக்குத் தற்செயல் என்றால் வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்புகள். யாரோ ஒரு வீட்டில் கோந்து தடவி, தைத்து, காலிகோ முதுகு போட்டு வைத்தவை. அத்தியாயம் முடியும் பக்கத்தின் பின்புறத்தில் ஒரு பயணக் கட்டுரையின் நடுப்பகுதி இருக்கும். தலைப்பும் இருக்காது, எழுதியவர் பெயரும் இருக்காது. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய அப்படியொரு தொகுப்பில், கதையைக் காட்டிலும் அந்தப் பாதிக் கட்டுரையே என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. முழுமையாகப் படிக்கத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றைக் கொண்டு 1994இல் உருவான நூலகம் அது. நூலகர் ஐயா சொன்ன ஏ.கே.செட்டியாரும் கோட்டையூர்க்காரர்தான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து, பறவை பார்க்கும் ஒருவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழின் தொடக்ககால நாவல்களைப் படிக்க எண்ணி அ.மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தை எடுத்தேன். அவரைப் பற்றித் தேடியபோது, காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா.கிருஷ்ணன் அவருடைய மகன் என்று தெரிந்தது. மகனின் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். தொகுத்தவரின் சொந்த நூல்களைத் தேடியபோது ஒரு கை சூழலியலையும் மறு கை தமிழ் சினிமாவையும் எழுதுவதைக் கண்டேன். நாவலில் தொடங்கிய நான் இப்போது மௌனப்பட வரலாற்றில் நிற்கிறேன். காடும் பறவையும் போதுமான அளவு கிடைத்துவிட்டன; கடலைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

திருச்சி நண்பருக்கு: ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவலோடு தொடங்குங்கள். அதோடு கன்னியாகுமரிக் கடற்கரையைப் பற்றி வறீதையா கான்ஸ்தந்தின் எழுதிய கட்டுரை நூல்களில் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மீனவச் சமூகத்திலிருந்து வந்த பேராசிரியர். கடலில் நடப்பது ஏன் நடக்கிறது என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மீண்டும் நாவலுக்குத் திரும்பலாம். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதைப் பார்த்துவிட்டு, ஜோ டி குரூஸின் 'கொற்கை'யை முதலில் வாங்கிவிட வேண்டாம். எங்கள் ஊரின் கதை என்பதால் எனக்கு அது நெருக்கமானதுதான், ஆனாலும் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நாவல் அது. 'ஆழி சூழ் உலகு' பிடித்திருந்தால் எடுங்கள்.