ஃபேரிங் பைக்கில் வலது தொடையில் அனல்: கும்பகோணம் டவுனுக்குள் ஓட்டவே முடியவில்லை

குடந்தை ரைடர்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1000 சிசி, நாலு சிலிண்டர், முழு ஃபேரிங் (இன்ஜினைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக் உறை) போட்ட ஸ்போர்ட் டூரர், அதாவது நெடுந்தூரம் ஓட்டும் பெரிய பைக். தஞ்சாவூர் - திருச்சி நாலு வழிச்சாலையில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் கும்பகோணத்துக்குள் நுழைந்து மகாமகக் குளம் பக்கம் டிராஃபிக்கில் மாட்டினால் போதும், ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் அனல் நேராக வலது முழங்காலிலும் தொடையின் உள்பக்கத்திலும் வந்து அடிக்கிறது, ஜீன்ஸ் போட்டிருந்தும் தோல் சிவந்துவிடுகிறது. மீட்டரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 100, 103 டிகிரி காட்டுகிறது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சர்வீஸில் கேட்டால் பெரிய பைக் என்றால் அப்படித்தான் சார் என்று முடித்துவிட்டார்கள். கத்திரி வெயிலில் வீட்டம்மா பின்னால் ஏறவே மறுக்கிறார். தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்று, கூலண்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்று, கீழ் ஃபேரிங்கை எடுத்துவிடு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

தஞ்சை மெக்கானிக்:
தம்பி, அந்த மூன்றையும் செய்யாதீர்கள். இன்ஜின் சூடாவது வேறு, அந்தச் சூடு உங்கள் மேல் வந்து விழுவது வேறு. டிராஃபிக்கில் 100, 103 என்பது இந்த மாதிரி இன்ஜினுக்குச் சாதாரணம், ஃபேன் ஓட ஆரம்பிப்பதே ஏறத்தாழ அந்த அளவில்தான். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதியெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் அதை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள், அதாவது உங்கள் காலுக்குப் பக்கத்தில்.

தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டில் ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும், கழற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை, காலையில் இன்ஜின் சூடேற நேரம் ஆவதுதான் மிச்சம். வெறும் தண்ணீர் ஊற்றினால் கூலண்டைவிடச் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே இருக்கும் அலுமினியமும் அரிக்கும், அதுவும் நம்ம பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டரே அடைத்துக்கொள்ளும்.

முதலில் வலது பக்கத்தை மட்டும் ஏன் அடிக்கிறது என்று பாருங்கள். ஃபேரிங்கின் உள்பக்கம், ஃப்ரேமை ஒட்டி, கறுப்பு ரப்பர் மடிப்பு அல்லது ஸ்பாஞ்ச் பட்டை இருக்கும். ரேடியேட்டர் தள்ளும் காற்று மேலே ஏறாமல் கீழே போவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். சர்வீஸில் ஃபேரிங்கைக் கழற்றி மாட்டும்போது அதைத் திரும்பப் போடாமல் விட்டுவிடுவது நிறைய நடக்கிறது, கிளிப் ஒன்று உடைந்தாலும் அங்கே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். இடது பக்கத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

மன்னை சாலைப்பறவை:
அண்ணன் சொன்னதோடு ரேடியேட்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் நம்ம ரோட்டில் பாதி நெல்லும் வைக்கோலும்தான் கிடக்கும், அதன் மேல் ஓட்டினால் முன் சக்கரம் வாரி அடிக்கும் தூசியும் துரும்பும் ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் போய் உட்காரும். அப்புறம் மழையில் சேறும் பட்டால் சுவர் பூசின மாதிரி ஆகிவிடும். காற்று புகாவிட்டால் ஃபேன் அடிக்கடி ஓடும், ஓடினால் அனல் உங்கள் மேல்தான். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடிக்கவே பிடிக்காதீர்கள், அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இன்ஜின் ஆறிய பிறகு பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளினால் போதும்.

நாகை ரைடிங் அக்கா:
உடையையும் யோசியுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் சூட்டை அப்படியே தொடைக்குக் கடத்தும், அதிலும் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் துணி ஈரமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே முழங்கால் கார்டு வைத்த மெஷ் (காற்று புகும் வலைத்துணி) ரைடிங் பேன்ட் வாங்குங்கள், துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருப்பதே பெரிய வித்தியாசம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மாதிரி இடத்தில் மாட்டினால் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை விட்டு இறங்கி நில்லுங்கள், உட்கார்ந்தே இருந்தால் ஃப்ரேமில் தேங்கிய சூடு முழுக்கக் காலில்தான் ஏறும். தோல் சிவப்பது தினமும் நடந்தால் அலட்சியம் வேண்டாம் தம்பி, கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குடந்தை ரைடர்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னது சரி, இடது பக்கம் ரப்பர் இருக்கிறது, வலது பக்கம் அது இருந்த தடம் மட்டும்தான் இருக்கிறது, கிளிப்பும் ஒன்று இல்லை. ரேடியேட்டரில் வைக்கோல் துரும்பு நிறைய இருந்தது, கழுவிவிட்டேன். ரப்பருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்குத் தற்காலிகமாக நுரைப் பட்டை ஒட்டியதில் அனல் தொடையிலிருந்து கீழே கணுக்கால் பக்கம் இறங்கிவிட்டது, பூட்ஸ் போட்டால் தாங்க முடிகிறது. ஃபேரிங் உள்ளே வெள்ளி நிறத்தில் வெப்பம் தடுக்கும் ஷீட் ஒட்டலாமா?

தஞ்சை மெக்கானிக்:
ஒட்டலாம். ஃபேரிங்கின் உள்பக்கத்தில் மட்டும், எக்ஸாஸ்ட் பைப்பில் படாமல், ஒயரிங்கை மூடாமல், காற்று வெளியேறும் வழியை விட்டுவிட்டு ஒட்டுங்கள். அதற்கு முன்னால் பிளாஸ்டிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷீட் ஒரு வெயிலிலேயே உரிந்து எக்ஸாஸ்ட் மேல் விழுந்துவிடும். ரப்பர் வந்ததும் அந்த நுரையை எடுத்துவிடுங்கள், அது அந்தச் சூட்டுக்குச் செய்தது இல்லை.