சிறிய அச்சுக்குப் பெயாரிங் அவசியமா?

கல்லடி மாணவன்:
எங்கள் பாடசாலை ரோபோவில் நான்கு மஞ்சள் கியர் மோட்டார்கள். சில்லுகளை அவற்றின் பிளாஸ்டிக் தண்டிலேயே செருகியிருக்கிறோம். பற்றரியை ஏற்றியதும் சில்லுகளின் அடிப்பகுதி வெளியே விரிகிறது. பெயாரிங் (அச்சு உராயாமல் சுழல, உள்ளே குண்டுகள் வைத்த வளையம்) போட்டால் சரியாகுமா?

வாழைச்சேனைப் பட்டறை:
போடுங்கள் தம்பி. 3 மி.மீ. இரும்புத் தண்டுக்கு 623 என்ற எண்ணுள்ள பெயாரிங் பொருந்தும்: வெளிவிட்டம் 10, அகலம் 4 மி.மீ. சறுக்குப் பலகையில் வரும் 608 மலிவுதான், ஆனால் அதன் உள்துளை 8 மி.மீ.

சம்மாந்துறை ஆசிரியர்:
நோய் ஒன்று, மருந்து வேறு. இங்கே உராய்வா பிரச்சினை? தண்டை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருக்கிறீர்கள். ஒரே நீளம், ஒரே சுமை என்றால், நுனியில் சுமை தொங்கும் தண்டு, இரு முனையும் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏற்ற தண்டைவிட 16 மடங்கு வளையும். சில்லுக்கு வெளியே ஒரு பலகை வைத்து, துளையில் பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகி, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு இதுவே தாராளம்.

வாழைச்சேனைப் பட்டறை:
சேர், விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 3 மி.மீ. தண்டை 6 ஆக்கினால் அதே 16 மடங்கு கிடைக்கிறதே. வெளிப்பலகை எதற்கு?

சம்மாந்துறை ஆசிரியர்:
தண்டு தடிக்கும்; அதைப் பிடித்திருக்கும் கியர்ப் பெட்டியின் பிளாஸ்டிக் தடிக்குமா?

காரைதீவுப் பொறியியல் மாணவி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கியர்ப் பெட்டிக்குள் தண்டு ஏற்கெனவே இரண்டு இடங்களில் தாங்கப்பட்டிருக்கிறது. வெளிப்பலகை மூன்றாவது. மூன்றும் நேர்கோட்டில் அமையாவிட்டால் அச்சு இறுகி மோட்டார் சூடாகும். ஆகவே அச்சைத் தனியாக்குங்கள் தம்பி. சில்லின் இருபுறமும் அதற்கென்றே இரண்டு தாங்கிகள். மோட்டாரோடு இணைக்க ஒரு துண்டு இறப்பர்க் குழாய். இரண்டு பலகைகளையும் ஒன்றாக இறுக்கி ஒரே தடவையில் துளையிட்டால் கோணல் வராது. அச்சு பக்கவாட்டில் நழுவாமலிருக்க, மின்கம்பி இணைப்பானுக்குள் இருக்கும் திருகுள்ள பித்தளைத் துண்டைக் கழற்றி மாட்டுங்கள். அச்சை நழுவவிடாத வளையத்தைத்தான் கொலர் என்பார்கள்; இதைவிட மலிவான கொலர் கிடையாது.

கல்லடி மாணவன்:
நன்றி அக்கா. எங்கள் வண்டி கடற்கரை மணலிலும் ஓட வேண்டும்.

சம்மாந்துறை ஆசிரியர்:
அப்படியானால் திறந்த பெயாரிங் வேண்டவே வேண்டாம். மணல் புகுந்தால் குண்டுகள் நெரியும், உப்புக்காற்றில் துருவும் ஏறும்.

வாழைச்சேனைப் பட்டறை:
இறப்பர் மூடியோடு வருகிறதே, 2ஆர்எஸ் என்று கேட்டு வாங்கலாம். உங்கள் பித்தளைக் குழாயில் எண்ணெய் விட்டால் மணல் அதிலேயே ஒட்டி, அரம்போல் அச்சைத் தின்னும். மணலில் ஓடுவதென்றால் எண்ணெய் இல்லாமல் நைலோன் புஷ் (அச்சு சுழலும் குழாய்த் துண்டு) போடுங்கள், அதையாவது ஒப்புக்கொள்கிறேன். வெளிப்பலகையும் இருக்கட்டும். வழுவழுப்பான தரையில் போட்டி என்றால் மட்டும் என் 623ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.