சென்சார்ஸ் கட்டளையில் ஃபேன் வேகம் வரவில்லை (உபுண்டு)

கேள்வி:
ரைசன் பிராசசர், வெப்பநிலையும் ஃபேன் வேகமும் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிரல் நிறுவியாச்சு. ஆனால் கே10டெம்ப் (ஏஎம்டி பிராசசர் சென்சாரின் டிரைவர்) தரும் வெப்பநிலை மட்டும்தான் வருது, ஃபேன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இல்லை. ஃபேன் வேகத்தை லினக்ஸிலிருந்தே குறைக்க முடியுமா?

பதில் 1:
கே10டெம்ப் பிராசசருக்குள் உள்ள சென்சாரை மட்டும் படிக்கும். ஃபேன் சுற்றை எண்ணுவது மதர்போர்டில் உள்ள சூப்பர் ஐஓ சிப். அந்தச் சிப்பைக் கண்டுபிடிக்க, சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டுங்க. எல்லாக் கேள்விக்கும் என்டர் தட்டினால் போதும். கடைசியில் மாட்யூலை (சிப்புக்கான டிரைவரை) தானாக ஏற்றும் கோப்பில் சேர்க்கவா என்று கேட்கும்போது மட்டும் ‘யெஸ்’ என்று முழுசா அடிக்கணும், அங்கே என்டர் தட்டினால் ‘நோ’ என்று அர்த்தம். பலர் தவறவிடும் இடம் இதுதான். நுவோடன் நிறுவனச் சிப் என்றால் பெரும்பாலும் என்சிடி6775 மாட்யூல். மோட்ப்ரோப் கட்டளையால் அதை ஏற்றியதும் ஃபேன்1, ஃபேன்2 வரிகள் தெரியும்.

பதில் 2:
வேகத்தைக் குறைக்க முதலில் அமைப்புகளை உருவாக்கும் பிடபிள்யூஎம்கான்ஃபிக், பிறகு அதன்படி ஃபேனை ஓட்டும் ஃபேன்கண்ட்ரோல். முதலாவது ஒவ்வொரு ஃபேனையும் நிறுத்திப் பார்க்கும், அதனால் கனமான வேலை ஓடும்போது வேண்டாம். மின்டெம்ப் (ஃபேன் வேகம் கூடத் தொடங்கும் வெப்பநிலை) 40 டிகிரி, மேக்ஸ்டெம்ப் (முழு வேகத்துக்குப் போகும் வெப்பநிலை) 70 டிகிரி வைத்துத் தொடங்கலாம். மின்ஸ்டார்ட்டை (நின்ற ஃபேனைக் கிளப்பும் அளவு) ரொம்பக் குறைத்தால் நின்ற ஃபேன் மறுபடி சுற்றாது. முழு அளவான 255-க்கு 150 வைப்பது பத்திரம். ரீபூட்டுக்குப் பின் ஹெச்டபிள்யூமான் எண் (சென்சார் சிப்புக்கு லினக்ஸ் தரும் எண்) மாறினால் ஃபேன்கண்ட்ரோல் கிளம்பாது. பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டணும்.

கேட்டவர்:
ஃபேன் வந்துருச்சு, நன்றி! ஆனால் ஆக்ஸ்டின் (மதர்போர்டு சிப்பின் கூடுதல் வெப்பநிலை வரி) 127 டிகிரி காட்டுதே?

பதில் 1:
பயப்படாதீங்க, அந்தப் பின்னில் சென்சாரே இணைக்கப்படவில்லை. எல்எம்-சென்சார்ஸ் அமைப்புகள் இருக்கும் சென்சார்ஸ்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு உருவாக்கி, அந்தச் சிப்பின் பெயருக்குக் கீழே அந்த வெப்பநிலைக்கு ‘இக்னோர்’ வரி சேர்த்தால் மறைந்துவிடும்.