பத்து நிமிடத்தில் தண்ணீர் அறுந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் கிணற்றில் 5 எச்பி மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) ஓடுகிறது. போன மாதம் வரை பைப் நிறையத் தண்ணீர் கொட்டியது. இப்போது பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி (பிரைம் செய்து) ஓட்டினால் பத்து நிமிடம் நன்றாக வருகிறது. அப்புறம் வெள்ளை வெள்ளையாகக் குமிழி கலந்து, மெலிந்து, நின்றே போகிறது. அம்மீட்டர் முள்ளும் 7 ஆம்பியரிலிருந்து 4-க்கு இறங்கிவிடுகிறது.

புட் வால்வு (பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) புதிது. மோட்டாரை நிறுத்தினாலும் பைப்பில் தண்ணீர் இறங்குவதில்லை. கிளாண்ட் கயிறும் (பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு) மாற்றியாகிவிட்டது. எங்காவது காற்று புகுகிறதா என்று பார்க்க, நேற்று மோட்டார் ஓடும்போது சக்சன் பைப் (தண்ணீரை உறிஞ்சும் பைப்) ஜாயின்ட் ஓரமாக ஊதுபத்தியைக் காட்டினேன். ஒரு போல்ட்டுக்குக் கீழே புகை உள்ளே இழுபட்டது போலிருந்தது. காற்று வீசியதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பம்பிலிருந்து நீர்மட்டம் இப்போது 22 அடி கீழே. இறைக்க இறைக்க இன்னும் இறங்கும். 25 அடியை நெருங்கினாலே சக்சன் தடுமாறும் அல்லவா? ஆனால் அப்படித் தடுமாறும்போது பம்பில் கேட்கும், கல் அரைபடுவது போன்ற சத்தம் எதுவும் இல்லை.

அந்த ஜாயின்ட்டின் பேக்கிங்கை மாற்றிப் பார்ப்பதா, பம்பையே கிணற்றுக்குள் இறக்கி வைப்பதா? வாழை தார் விட்டிருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.