நேஸ்பி (1645): ரூப்பர்ட் ஜெயித்தும் மன்னர் படை தோற்றது எப்படி?

கேள்வி:
1645 ஜூன் 14, இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நேஸ்பி சண்டை. சார்லஸ் மன்னர் பக்கம் சுமார் 9,000 பேர், நாடாளுமன்றப் படையில் சுமார் 14,000. ஆள்கணக்கு ஒரு காரணம்தான். ஆனால் வலப்புறம் மன்னரின் தளபதி ரூப்பர்ட்டின் குதிரைப்படை நாடாளுமன்றத் தரப்பின் அயர்ட்டனின் அணியை உடைத்துவிட்டது, அயர்ட்டனே காயப்பட்டுப் பிடிபட்டார். நடுவில் மன்னர் தரப்பு ஆஸ்ட்லியின் காலாட்படை நாடாளுமன்றத்தின் ஸ்கிப்பனின் முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ளியது. பிறகு எங்கே சறுக்கியது?

மறுமொழி 1:
ஜெயித்த குதிரைப்படையைத் திரும்ப வரிசைக்குக் கொண்டுவருவதில்தான். பாய்ந்து மோதிய அணி கலைந்துதான் கிடக்கும். குதிரைகள் மூச்சிரைக்கும், ஓடுகிறவனைத் துரத்துகிறவன் கொடியைத் திரும்பிப் பார்க்கமாட்டான். ரூப்பர்ட்டின் ஆட்கள் எதிரியின் சாமான் வண்டிகள் வரை போய்விட்டார்கள். அங்கிருந்த காவலர்கள் சரணடைய மறுத்துச் சுட்டார்கள். எதிர்முனையில் நாடாளுமன்றக் குதிரைப்படைத் தலைவர் கிராம்வெல், மன்னரின் இடப்புறக் குதிரைப்படையை நடத்திய லாங்டேலை முறியடித்தார். துரத்த ஒரு பகுதியை மட்டும் விட்டு, மீதியை ஆஸ்ட்லியின் காலாட்படை மேல் திருப்பினார். என்னைக் கேட்டால் போரின் முடிவு அந்த ஒரு உத்தரவில் இருக்கிறது.

மறுமொழி 2:
சரி, ஆனால் அந்தக் காலாட்படை ஏன் தாங்கவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். திரித் துப்பாக்கியில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் பொடி வைத்து, எரியும் திரியைச் சரிசெய்து சுட அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். நேஸ்பியில் ஒரு முறை சுட்டதும் துப்பாக்கிக் கட்டையாலும் வாளாலும் மோதினார்கள். அந்த நெருக்கத்தில் மறுபடி மருந்து நிரப்ப வழியில்லை. துப்பாக்கிக்காரர்களைக் குதிரைகளிடமிருந்து காப்பது ஈட்டிக்காரர்கள்; ஈட்டி சுமார் 16 அடி. முன்னால் நீட்டிய ஈட்டியைக் கைகலப்புக்கு நடுவே பக்கவாட்டில் திருப்ப முடியாது. கிராம்வெல் வந்தது பக்கவாட்டில்.

களத்தின் ஓரத்தில் சல்பி புதர்வேலியருகே நின்ற, நாடாளுமன்றத் தரப்பு ஓக்கியின் டிராகூன்களை விட்டுவிடாதீர்கள். குதிரையில் வந்து, இறங்கிச் சுடும் படை அது. முதலில் ரூப்பர்ட்டின் பக்கவாட்டில் சுட்டார்கள், கடைசிக் கட்டத்தில் குதிரையேறி மறுபுறத்திலிருந்து அதே காலாட்படை மேல் பாய்ந்தார்கள். ரூப்பர்ட்டின் நீலச்சட்டைப் படைப்பிரிவு மட்டும் கடைசிவரை அசையாமல் நின்றது.

மறுமொழி 3:
மன்னரிடம் ஒரு சேமப்படை இருந்ததே! அவரே முன்னின்று பாயப் போனபோது கார்ன்வாத் பிரபு கடிவாளத்தைப் பிடித்து இழுக்க, குதிரை திரும்பியது. பின்னால் நின்றவர்கள் அதைப் பின்வாங்கும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். பிடிபட்டவர்கள் 4,000க்கும் மேல், பெரும்பாலும் தேர்ந்த காலாட்கள். அவர்களுக்கு ஈடாக மன்னரால் வேறொரு படை திரட்ட முடியவில்லை. பீரங்கிகளோடு அவருடைய கடிதப் பெட்டியும் போனது. அயர்லாந்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் படை கேட்ட கடிதங்களை நாடாளுமன்றம் அச்சிட்டு ஊரறிய வெளியிட்டது.