ரைசன் 2600ல 1050 டிஐ: பிளைட் சிம்முக்கு கார்ட் மட்டும் மாத்தினா போதுமா?

காசல்ரீ172:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020 தான் ஓட்டுறேன், 2024 இன்னும் எடுக்கல. மெசின் இதுதான்: ப்ரொசசர் ரைசன் 5 2600, பி450எம் போர்ட், 16 ஜிபி ராம் (8 ரெண்டு, 3200னு டப்பால போட்டிருந்துச்சு), கிராபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, மொனிட்டர் 1080பி 60 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை கேசிங்கோட சேந்து வந்தது, 500 வொட்னு ஸ்டிக்கர் இருக்கு. நெட் வந்து 4ஜி ரவுட்டர்.

ரத்மலானைல இருந்து செஸ்னா 172 எடுத்துக்கிட்டு களனி கங்கைய புடிச்சே மேல வந்து காசல்ரீ, மவுசாகலை, சிவனொளிபாதமலைன்னு சுத்துறது தான் என் வேலையே. வானம் வெளிச்சா இருந்தா பரவால்ல ஓடுது, ஆனா லைவ் வெதர் (அந்த நேரத்து நெச வானிலை) போட்டா நம்ம பக்கம் மேகம் இல்லாத நாள் ஏது, மேகத்துக்குள்ள பூந்தா எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தன படம்னு) 20க்கும் கீழ. கட்டுநாயக்கால ஏ320 எறக்கப் போனா அதவிட மோசம், பைனல்ல (ரன்வேக்கு நேரா எறங்கற கடைசி கட்டத்துல) வர்றப்ப தாவித் தாவி வந்து எங்க தரை எங்க ரன்வேன்னு தெரியறதுக்குள்ள டொம்முனு விழுது.

சித்தப்பா மகன் கொழும்புல வேலை செய்றாரு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசால ஆர்டிஎக்ஸ் 4060 ஒன்னு எடுத்துத் தாறேன்னு சொல்றாரு. பண்டாரவளைல ஒருத்தர் யூஸ் பண்ணின 3060 விக்கிறாரு, அதுவும் பாத்தேன். எத எடுக்கட்டும்? பட்ஜட் ஒன்னேகால் லட்சம், அதுக்கு மேல வீட்டுல வாய் தொறக்க முடியாது.

லிந்துலை_டெக்:

தம்பி, சல்லிய கைல வச்சுக்க, கொழும்புக்கு கோல் எடுக்காத இப்ப. மொதல்ல உன் மெசின்ல எது மூச்சு வாங்குதுன்னு பாரு, ப்ரொசசரா கார்டா. அத கேமே சொல்லும். ஜெனரல் ஒப்ஷன்ஸ்ல டெவலப்பர்ஸ்னு ஒரு எடம் இருக்கு, அங்க டெவலப்பர் மோட ஒன் பண்ணு, மேல ஒரு மெனு வரும், அதுல டிபக் போய் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். மூலைல ஒரு பெட்டி வரும். 'லிமிடெட் பை மெயின்திரெட்'னு வந்தா ப்ரொசசர் தான் தடை, 'லிமிடெட் பை ஜிபியு'ன்னு வந்தா கார்ட். விராம் (கார்டோட சொந்த மெமரி) எவ்வளவு நெரம்பியிருக்குன்னும் அதே பெட்டில இருக்கும்.

இன்னொரு டெஸ்டும் பண்ணு. எஃப்பிஎஸ் விழுற எடத்துல பௌஸ் பண்ணாம ரெண்டர் ஸ்கேலிங்க (கேம் வரையற படத்தோட அளவு) 100ல இருந்து 50க்கு எறக்கு. படம் மங்கும், அத விடு. எஃப்பிஎஸ் சட்டுனு ஏறினா கார்ட் மாத்தறதுல பிரயோசனம் இருக்கு. அசையாம அப்படியே நின்னுச்சுன்னா 4090 போட்டாலும் அதே 20 தான், ஏன்னா இந்த கேம்ல முக்கால்வாசி வேலை ஒரே ஒரு திரெட்ல ஓடுது, விமானத்தோட சிஸ்டம், ஏஐ டிராபிக், தரைய எவ்வளவு தூரத்துக்கு கட்டறது எல்லாம் அதுக்குள்ள தான், உன் 2600ல ஆறு கோர் இருந்தும் அந்த ஒரு திரெட் ஓடற கோர் தான் கெதி.

கட்டுநாயக்கா பிரச்சினை ப்ரொசசர், மேகப் பிரச்சினை கார்ட். பாக்காமலே சொல்றேன். செஞ்சுட்டு வந்து போடு.

ரன்வே04:

லிந்துலை அண்ணன் சொல்றது சரி, ஆனா பாதி தான் சரி 😄 மச்சான் நீ 4060 எடு. என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன்னு ஒரு சாமான் இருக்கு, 40 சீரிஸ்ல இருந்து தான் வரும், 3060க்கு கெடையாது. கார்டே நடுவுல நடுவுல ஃப்ரேம் செஞ்சு சொருகும், ப்ரொசசர்கிட்ட கேக்காது, அதனால மெயின்திரெட் மாட்டிக்கிட்டு கெடந்தாலும் ஸ்கிரீன்ல ஏறக்குறைய ரெட்டிப்பா ஓடும். கேம் செட்டிங்ல டிஎக்ஸ்12 (டைரக்ட்எக்ஸ் 12) போடணும், விண்டோஸ்ல ஹார்ட்வேர் ஜிபியு ஷெட்யூலிங் ஒன் பண்ணணும், அவ்வளவு தான். சுடுற கேம்னா லேக் தெரியும், விமானத்துல யாருக்கு அவசரம். 115 வொட் தான் குடிக்கும், 3060 170 வொட்.

இன்னொன்னு, எஃப்பிஎஸ்க்காக டெரெய்ன் எல்ஓடிய (தூரத்து தரைய எவ்வளவு நுணுக்கமா காட்டறதுங்கிற செட்டிங்) 50க்கு எறக்குன்னு யூடியூப்ல சொல்லுவாங்க. மலை நாட்டுல பறக்கறவன் அத செய்யாத. தூரத்து மலையெல்லாம் மொழுக்கட்டையா தெரியும், கிட்ட வர வர தான் உச்சி முளைக்கும். 1974 டிசம்பர் 4 ராத்திரி மார்ட்டின்எயார் டிசி-8 கட்டுநாயக்காவுக்கு எறங்கி வர்றப்ப நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலைல மோதி 191 பேர் போனாங்க, நம்ம பக்கம் பெரியவங்கள கேட்டா இன்னும் சொல்லுவாங்க. நான் அந்த பக்கம் பறக்கறப்பல்லாம் எல்ஓடி 100க்கு கீழ எறக்கறதே இல்ல.

லிந்துலை_டெக்:

@ரன்வே04 எல்ஓடி பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. ஃப்ரேம் ஜெனரேஷன் விசயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அது 35, 40ல ஓடுறத 70 ஆக்கறதுக்கு நல்ல சாமான். 18ல தடுமாறறத 36 ஆக்கினா கவுன்டர் தான் 36னு காட்டும், ஸ்டிக் அசைக்கறப்ப அதே 18 தான் கைக்கு தெரியும், ப்ளேர் பண்ற (தரை தொடறதுக்கு முன்ன மூக்க தூக்கற) நேரம் தான் அது ஒனக்கு வேணும். ஏ320 டிஸ்ப்ளேல ஓடற நம்பரெல்லாம் வால் புடிச்சு இழுபடும், ஆல்டிட்டியூட் டேப்ப (உயரம் காட்டற பட்டி) பாத்தா தெரியும்.

அதோட தம்பியோட போர்ட் பி450, பிசிஐஇ (கார்ட் குத்தற ஸ்லொட்) 3.0. 4060 எட்டு லேன் (டேட்டா போற பாதை) தான் பாவிக்கும், அது 4.0க்குன்னு செஞ்சது. சும்மா நேரத்துல வித்தியாசம் பெருசா தெரியாது, ஆனா 8 ஜிபி விராம் நெரம்பி ராமுக்கு வழிய ஆரம்பிச்சா அந்த ஒடுங்கின ரோட்டுல தான் எல்லாம் வந்து போகணும். டிஎக்ஸ்12 வேற விராம கூட தின்னும். 3060 12 ஜிபி 16 லேன், அந்த தொல்லை இல்ல.

ரன்வே04:

சரி சரி, 1080பில 8 ஜிபி போதும்னு தான் நான் இன்னும் சொல்லுவேன், டெக்ஸ்சர அல்ட்ரா போடாம ஹைல வச்சா நெரம்பாது. ஆனா பேஸ் எஃப்பிஎஸ் விசயம் உண்மை தான், என்னோட ப்ரொசசர் புதுசு, அத யோசிக்கல.

நானுஓயா_அக்கா:

ரெண்டு பேரும் கார்ட பத்தியே சண்டை புடிக்கிறீங்க, தம்பி கேசிங்கோட வந்த பவர் சப்ளைன்னு எழுதியிருக்காரு, அத யாருமே பாக்கலயா?

நான் ரிப்பேர் கடைல இருக்கேன், அந்த மாதிரி சப்ளை எத்தனைய தொறந்து பாத்திருக்கேன். ஸ்டிக்கர்ல 500 வொட், உள்ள விரல் தடிப்புல ஒரு டிரான்ஸ்ஃபோமர், வயரெல்லாம் நூல் மாதிரி, 12 வோல்ட் லைன்ல பாதி கூட நம்பி எடுக்க ஏலாது. 1050 டிஐ 75 வொட்டுக்குள்ள, அனேகமா ஸ்லொட்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கும், அதனால தான் இத்தன நாள் தாக்குப் புடிச்சிருக்கு. 3060க்கு 8 பின் வயர் குத்தணும். அந்த சப்ளைல 8 பின் இருக்கவும் மாட்டாது, மொலெக்ஸ்ல இருந்து மாத்தற கன்வர்ட்டர் தாறேன்னு கடைல சொல்லுவாங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க. நெருப்பு புடிச்ச கனெக்டர் என் மேசை லாச்சில இருக்கு.

நம்ம தோட்டத்து லைன்ல சாயந்தரம் ஆறு ஏழு மணிக்கு எல்லா வீட்டுலயும் கேத்தல், அயன், டிவின்னு போட்டதும் வோல்டேஜ் எறங்கும், லைட் மங்கறது கண்ணுக்கே தெரியும். நல்ல சப்ளைன்னா 100ல இருந்து 240 வரைக்கும் தாங்கும், டப்பால 'ஃபுல் ரேஞ்ச்'னு இல்லாட்டி 100-240னு போட்டிருக்கும், அத பாத்து எடுங்க. 80 பிளஸ் ப்ரொன்ஸ் 550 வொட் போதும். அது பத்து வருசத்துக்கு நிக்கும், அடுத்த மெசினுக்கும் கழட்டி போட்டுக்கலாம்.

காசல்ரீ172:

அண்ணே, அக்கா, எல்லாத்தையும் செஞ்சு பாத்தேன்.

கட்டுநாயக்கா, ஏ320, கேட்ல நிக்கறப்பவே மெயின்திரெட்னு செவப்புல காட்டுது. ரெண்டர் ஸ்கேலிங் 50 போட்டேன், ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறல. காசல்ரீ மேல மேகத்துக்குள்ள 172ல போனப்ப ஜிபியுன்னு காட்டுது, ஸ்கேலிங் எறக்கினதும் 17ல இருந்து 29 ஆச்சு, விராம் முழுசா நெரம்பி வழியுது. அண்ணன் பாக்காமலே சொன்னது அப்படியே இருக்கு.

பவர் சப்ளைய எட்டிப் பாத்தேன், அக்கா சொன்ன மாதிரி 8 பின் இல்ல, 6 பின்னும் இல்ல 😔

அப்ப ரெண்டும் மாத்தணுமா? சல்லி பத்தாதே.

லிந்துலை_டெக்:

ஒரேயடியா மாத்தணும்னு யாரு சொன்னா. மொதல்ல சல்லி போகாத வேலைய முடி.

டாஸ்க் மேனேஜர்ல பெர்போமன்ஸ், மெமரி, ஸ்பீட் எவ்வளவுன்னு பாரு. நீ வாங்கின ராம் 3200, ஆனா பயோஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி (ராம அதோட முழு வேகத்துக்கு விடறது) ஒன் பண்ணாட்டி 2133 இல்லாட்டி 2400ல தான் ஓடும். கடைக்காரங்க நெறைய பேரு பண்ணித் தர்றதே இல்ல. 2600க்கு ஏஎம்டி சொல்ற கணக்கு 2933 வரைக்கும் தான், 3200ல போட்டு மெசின் எழும்பாட்டி 2933 போட்டுக்க. ரைசன்ல ராம் வேகம் மெயின்திரெட்ட நேரா தொடும்.

அடுத்தது டிராபிக். ஏஐ டிராபிக், எயார்போர்ட் வண்டி, தரைல நடக்கிற ஆளுங்க, எல்லாத்தையும் எறக்கு. கிளாஸ் கொக்பிட் ரிஃப்ரெஷ் ரேட்ட (விமானத்து ஸ்கிரீனெல்லாம் மாறற வேகம்) லோ ஆக்கு. இதெல்லாம் ப்ரொசசருக்கு. கார்டுக்கு மேகம் தான் பெரிய தீனி, அல்ட்ரால இருந்து ஹைக்கு எறக்கினா கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. விசின்க் (எஃப்பிஎஸ்ஸ மொனிட்டரோட ஒத்துப் போக வைக்கறது) போட்டு 30ல பூட்டு, 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர்ல அது சரியா பாதி. 25க்கும் 45க்கும் நடுவுல ஆடறதவிட ஆடாத 30 எவ்வளவோ மேல், விமானத்துல அத விட கூட வேணும்னு எனக்கு தோணல.

அதுக்கப்புறம் சல்லி. அக்கா சொன்ன பவர் சப்ளை மொதல்ல, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ரெண்டாவது நீ கூட பறக்கறது செஸ்னால மலைக்குள்ள தானே, அப்ப கார்ட். பண்டாரவளை 3060 12 ஜிபியா இருந்தா அத புடி. அதே பேர்ல 8 ஜிபி ஒன்னும் இருக்கு, பஸ் 128 பிட், நல்லாவே மெதுவு, விக்கிறவரு '3060 தான்'னு சொல்லிட்டு விட்ருவாரு. ஜிபியு-இசட்னு கார்ட் விவரம் காட்டற சாமான பென்டிரைவ்ல கொண்டு போ, போட்டுப் பாரு, 12288 எம்பி, 192 பிட்னு இருக்கணும். பேருக்கு முன்னால 'ஃபேக்'னு காட்டிச்சுன்னா ஒன்னும் கதைக்காம எழும்பி வந்துரு, பழைய கார்டுக்கு பயோஸ் மாத்தி ஏமாத்தற ஆளுங்க இருக்காங்க. கால் மணித்தியாலமாவது ஏதாவது கனமா ஓட விட்டு ஃபேன் சத்தம், சூடு ரெண்டையும் பாரு. ஸ்க்ரூ மேல உள்ள ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா ஏன்னு கேளு.

ப்ரொசசர் அடுத்த வருசம். போர்ட மாத்தாம 5600 போடலாம், கூலரும் டப்பாலயே வரும். 5700எக்ஸ்3டி கெடச்சா இந்த கேமுக்கு அது ராசா, 96 எம்பி எல்3 கேஷ் (ப்ரொசசருக்குள்ளயே உள்ள வேகமான மெமரி) இருக்கு, 5600ல 32 தான். ஆனா அதுக்கு கூலர் தனியா வாங்கணும், கணக்குல சேத்துக்க.

பசறை_பையன்:

4ஜி ரவுட்டர பத்தி ஒருத்தரும் சொல்லலயே. இந்த கேம் தரைப் படத்தையெல்லாம் நெட்லருந்து இழுக்குது, 20 எம்பிபிஎஸ் இருந்தா நல்லம்னு மைக்ரோசொப்டே போட்டிருக்கான், எங்க பக்கம் மழை பேஞ்சா 3 வரும். எஃப்பிஎஸ் 30னு காட்டிக்கிட்டே விட்டு விட்டு இழுத்துச்சுன்னா நெட்ட சந்தேகப்படு, கார்ட இல்ல. ரோலிங் கேஷ (இழுத்த படத்த சேத்து வைக்கிற எடம்) எஸ்எஸ்டில கொஞ்சம் பெருசா வை, எப்பவும் ஒரே மலைய தானே சுத்துற, ஒருக்கா வந்தது அங்கயே இருக்கும். மெனுவல் கேஷ்ல ஹட்டன், மஸ்கெலியா பகுதிய மட்டும் செலக்ட் பண்ணி எறக்கியும் வச்சுக்கலாம், நைட் டேட்டா உள்ள பெக்கேஜ்னா ராத்திரி போட்டுட்டு படு.

காசல்ரீ172:

ராம் 2400ல தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு!! 3200 போட்டா எழும்பல, 2933ல நிக்குது. டிராபிக் எல்லாம் எறக்கினதும் கட்டுநாயக்கா 18ல இருந்து 25 ஆச்சு, சல்லிக்காசு செலவில்லாம. சித்தப்பா மகன்கிட்ட 4060 வேணாம், 550 வொட் சப்ளை மட்டும் எடுங்கன்னு சொல்லிட்டேன், அவருக்கு கொஞ்சம் கோவம். பண்டாரவளைக்கு ஞாயித்துக்கெழம போறேன், போன்ல கேட்டப்ப 12 ஜிபின்னு தான் சொன்னாரு, பென்டிரைவும் கொண்டு போறேன்.

ஒரே ஒரு கேள்வி, 5600 போடறதுக்கு பயோஸ் அப்டேட் பண்ணணும்ங்கிறாங்க, அத இப்பவே பண்ணி வச்சுக்கவா, இல்ல ப்ரொசசர் வந்தப்பறமா?

நானுஓயா_அக்கா:

இப்பவே. புது ப்ரொசசர மாட்டிட்டா பழைய பயோஸ்ல மெசின் எழும்பாது, பழையத திரும்ப கழட்டி மாட்டிக்கிட்டு நிக்கணும். போர்ட் கம்பனி சைட்ல உங்க மொடல் நம்பர், ரிவிஷன் ரெண்டும் சரியா பாத்து எடுங்க, அந்த பக்கத்துல இருக்கிற குறிப்ப முழுக்க வாசிங்க, சில போர்டுக்கு நடுவுல ஒரு வேர்ஷன் போட்டுட்டு தான் கடைசி வேர்ஷன் போடச் சொல்லியிருப்பாங்க. யூபிஎஸ் இருந்தா அதுல குத்திட்டு பண்ணுங்க. இல்லாட்டி காலைல பண்ணுங்க, இந்த மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஹட்டன் பக்கம் இடி இடிக்காத நாளே இல்ல, பாதில கரண்ட் போனா போர்ட் என் கடைக்கு தான் வரும். அப்டேட் முடிஞ்சதும் எக்ஸ்எம்பி செட்டிங் அழிஞ்சு போயிருக்கும், 2933 திரும்ப போட்டுக்குங்க.